கவிதை வராத ஆண்டுகளும் குளக்கரை ஞாயிறுகளும்

கேள்வி:

என் வயது 44. திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு சார்நிலைக் கருவூலத்தில் கணக்கராகப் பணிபுரிகிறேன். இரண்டு கவிதைத் தொகுப்புகள் வெளிவந்துள்ளன. இரண்டாவது வந்து 6 ஆண்டுகள் ஆகிவிட்டன. கடந்த 4 ஆண்டுகளில் ஒரு கவிதையைக்கூட என்னால் முடிக்க முடியவில்லை. அதிகாலை நான்கரை மணிக்கு எழுந்தால் சமையல், மாமியாருக்கு மாத்திரை, பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் மகனுக்குச் சாப்பாடு, பேருந்து, அலுவலகம் என்று பொழுது போய்விடுகிறது. இரவு பாத்திரம் கழுவிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் நோட்டை விரிக்கும்போது மணி பத்தரை. எழுதுவதும் அடிப்பதுமாகவே அந்த நேரமும் கழிகிறது. சென்ற ஆண்டு அலுவலகத் தோழி ஒருவர் பறவை பார்க்க அழைத்துச் சென்றார். அதிலிருந்து ஞாயிறு காலை தவறாமல் குளக்கரைக்குப் போய்விடுகிறேன். "அந்த நேரத்தில் எழுதலாமே" என்கிறார் கணவர். குத்தலாக இல்லை, அக்கறையாகத்தான் சொல்கிறார். உடன் எழுதும் கவிஞர் ஒருவர் நான் பறவைக்காரி ஆகிவிட்டேன் என்கிறார். பதிப்பாளர், சென்னைப் புத்தகக் காட்சிக்கு மூன்றாவது தொகுப்பைக் கேட்கிறார். கவிதை என்னை விட்டுப் போய்விட்டதா? குளக்கரைக்குப் போவதை நிறுத்திவிட வேண்டுமா? விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு எழுத உட்கார்ந்தால் கவிதை வருமா? முடியாமல் நிற்கும் 7 கவிதைகளையும் பறவைக் குறிப்பேட்டின் சில பக்கங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி; நீண்ட கடிதம் இங்கே சுருக்கித் தரப்பட்டுள்ளது)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் பிறகு படிக்கலாம் என்று வைத்துவிட்டு இணைப்புகளைத்தான் முதலில் படித்தேன். கவிதைத் தொகுப்புகளைச் செப்பனிடும் பதிப்பாசிரியர் வேலையில் நெடுங்காலமாக இருப்பதால், எழுதியவர் தம்மைப் பற்றிச் சொல்வதைக் கேட்பதற்கு முன் அவருடைய தாள் என்ன சொல்கிறது என்று பார்ப்பது என் வழக்கம். கவிஞர்கள் தங்கள் நிலைமையைக் குறித்துச் சொல்லும் தீர்ப்புகள் பெரும்பாலும் கடுமையாக இருக்கும். அடித்தலும் திருத்தலும் நிறைந்த தாள் அவ்வளவு கடுமையாக இருப்பதில்லை. எங்கே ஓடியது, எங்கே நின்றது என்பதை அப்படியே காட்டிவிடும்.

உங்கள் 7 கவிதைத் தாள்களையும் வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன். ஏழும் ஒரே இடத்தில் நின்றுபோயிருக்கின்றன. தொடக்க வரிகளில் அடித்தல் குறைவு. நடுவில் ஓரிரு சொற்கள் மாறியிருக்கின்றன. கடைசி இரண்டு மூன்று வரிகளுக்கு வந்ததும் தாள் கோடுகளால் நிறைந்துவிடுகிறது. எழுதி, அடித்து, பக்கவாட்டில் எழுதி, அதையும் அடித்து, பின்பக்கம் திருப்பி மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். கவிதை உங்களை விட்டுப் போயிருந்தால் முதல் வரியே வந்திருக்காது. உங்களுக்கு முதல் வரி வருகிறது, நடுவும் வருகிறது. முத்தாய்ப்பு மட்டும் வரவில்லை. இதைப் பொதுவாக 'எழுத வரவில்லை' என்று சொல்லிவிட்டால், வேலை கிடக்கும் இடம் கண்ணில் படாமல் போய்விடும்.

மாத்திரைப் பெட்டிக் கவிதையை எடுத்துக்கொள்கிறேன். வெளியிடலாம் என்று நீங்கள் அனுமதித்திருப்பதால் மற்ற வாசகர்களுக்காக இங்கே தருகிறேன்.

மாத்திரைப் பெட்டிக்கு ஏழு கதவு.
புதனைத் திறக்கும்போது
செவ்வாயின் மாத்திரை உள்ளேயே உருள்கிறது.
அத்தை சொல்கிறார்:
நேற்று என்று ஒரு நாள் வரவே இல்லையே.

இதற்குக் கீழே "மறதியும் ஒரு மருந்துதான்" என்று எழுதி அடித்திருக்கிறீர்கள். அடுத்து, "காலம் விழுங்க மறந்த மாத்திரை நாம்" என்று எழுதி அதையும் அடித்திருக்கிறீர்கள். பின்பக்கத்தில் மரணத்தை வைத்து ஒரு வரி இருக்கிறது. அதன்மேல் பேனா அழுந்திய தடம் தாளின் இந்தப் பக்கம்வரை தெரிகிறது. இவற்றை அடித்த உங்கள் கை சரியான கை. மூன்றுமே பொய்யான வரிகள். அத்தை பேசி முடித்த இடத்திலேயே கவிதை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் செய்ததெல்லாம், முடிந்துவிட்ட ஒன்றுக்கு இன்னொரு முடிவைத் தேடியதுதான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள உங்கள் முதல் தொகுப்பைத் தருவித்துப் படித்தேன். அதில் ஏறக்குறைய எல்லாக் கவிதைகளும் கடைசி வரியில் ஒரு திருப்பத்தோடு முடிகின்றன. அந்த வயதில் அது இயல்பு. தமிழில் எழுத வரும் பலருக்கும் முதல் பாராட்டு அந்த வரிக்குத்தான் கிடைக்கிறது. கவியரங்க மேடையில் கைதட்டல் விழுவது கடைசி வரிக்கு. வாட்ஸ்அப்பில் நண்பர்கள் தனியே எடுத்துப் பகிர்வதும் அதையேதான். பாராட்டு விழும் இடத்தை நோக்கியே கை பழகிக்கொள்கிறது. இரண்டாம் தொகுப்பிலும் அதே வழிதான். ஆனால் அதில் சில கவிதைகளின் முடிவு, எழுதியவருக்கே முழு நம்பிக்கையில்லாமல் ஒட்டவைக்கப்பட்டதைப் போல இருக்கிறது. அதற்குப் பிறகு உங்களுக்குள் இருக்கும் வாசகி வளர்ந்துவிட்டார். நிறையப் படித்திருக்கிறார், வாழ்க்கையிலும் நிறையப் பார்த்திருக்கிறார். மறதி மருந்து என்று ஒரு வரி சொன்னால், மறதி நோயுள்ள மாமியாருக்கு நாள்தோறும் மாத்திரை எடுத்துத் தரும் அந்த வாசகி அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறார். ரசனை ஒரு பக்கமும் கைப்பழக்கம் இன்னொரு பக்கமும் இழுப்பதால் கவிதை நடுவில் நிற்கிறது. இதை வறட்சி என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் பழைய உத்தியை நீங்களே நம்பாமல் போய்விட்டீர்கள். புதியது இன்னும் கைக்கு வரவில்லை. எழுதுபவரின் வாழ்க்கையில் இது மிகவும் வேதனையான இடைவேளை. நேர்மையானவர்களுக்கு மட்டுமே வருவதும்கூட. பழைய உத்தியைக் கூச்சமின்றித் தொடர்பவர்களுக்கு இப்படி ஒரு தடை வருவதே இல்லை. அவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு தொகுப்பு வந்துவிடும்.

இப்போது பறவைக் குறிப்பேட்டுக்கு வருகிறேன். அதிலிருந்து ஒரு பதிவு:

"காலை 6.40. கரையோரம் மண்ணாங்கட்டி என்று நினைத்தது மடையான். பத்து நிமிடம் அசையவில்லை. எருமை தண்ணீரில் இறங்கியதும் பறந்தது. பறக்கும்போது சிறகு முழுக்க வெள்ளை. மூன்று வயல் தள்ளி உட்கார்ந்தது. மறுபடி மண்."

அதே பக்கத்தில் இன்னொன்று:

"முக்குளிப்பான் மூழ்கியதும் எண்ணத் தொடங்கினேன். பதினெட்டில் எழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இல்லை."

இந்த 4 ஆண்டுகளில் நீங்கள் எழுதியவற்றில் மிகவும் உயிருள்ள உரைநடை இதுதான் என்று தயக்கமின்றிச் சொல்வேன். மடையான் என்ற சிறு கொக்கு உட்கார்ந்திருக்கும்போது மண் நிறத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும், சிறகை விரித்த கணத்தில் வெண்மையாகத் தெரியும் என்பது பறவை பார்ப்பவர்கள் எல்லோரும் அறிந்த செய்தி. நீங்கள் அதைச் செய்தியாகச் சொல்லவில்லை. நடந்த வரிசையிலேயே சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டீர்கள். அந்த நிறம் எதற்குக் குறியீடு என்று கேட்கவில்லை. 'மறுபடி மண்' என்று நிறுத்திவிட்டு அடுத்த பறவைக்குப் போய்விட்டீர்கள். இரவு பத்தரை மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உங்களுக்குக் கைவராத அந்த நிறுத்தம், ஞாயிறு காலையில் குளக்கரையில் தானாக வந்திருக்கிறது. காரணம், குறிப்பேட்டில் எழுதும்போது நீங்கள் யாருக்கும் கவிஞர் இல்லை.

இதைப் படித்ததும் ஒரு ஆபத்தான யோசனை உங்களுக்குத் தோன்றக்கூடும்; உங்களுக்குத் தோன்றாவிட்டாலும் நண்பர்கள் சொல்வார்கள். இந்தக் குறிப்புகளையே வரி மடக்கிப் பறவைக் கவிதைகள் என்று ஒரு தொகுப்பாக்கிவிடலாம், பதிப்பாளரின் தொந்தரவும் தீரும் என்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பறவைகளை வேலைக்கு அமர்த்திவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை குளக்கரையில் நிற்பவர் கவிதைக்குப் பொருள் தேடி வந்தவராக இருப்பார். மடையானைப் பார்க்கும்போதே அதை எந்த வரியில் வைப்பது என்று மனம் அலையத் தொடங்கும். உங்களுக்கு இப்போது கிடைத்திருக்கும் கவலையில்லாத கவனம் அன்றோடு போய்விடும். குறிப்பேடு குறிப்பேடாகவே இருக்கட்டும். என்றாவது ஒரு மடையான் தானாக ஒரு கவிதைக்குள் வந்து உட்கார்ந்தால் உட்காரட்டும். நீங்கள் போய் அழைக்கவேண்டாம்.

கவிஞர்கள் கவிதைக்கு வெளியே எதிலாவது மனத்தைக் கொடுப்பது துரோகம் என்ற எண்ணம் நம்மிடையே எப்படியோ வேரூன்றிவிட்டது. போலந்துக் கவிஞர் விஸ்லாவா சிம்போர்ஸ்காவை நினைத்துப் பாருங்கள். கிராக்கவ் நகரில் வாழ்ந்த அவர், பழைய இதழ்களிலிருந்தும் படங்களிலிருந்தும் வெட்டியெடுத்த துண்டுகளை அட்டைகளில் ஒட்டி, சிரிக்கவைக்கும் வாழ்த்தட்டைகளாக ஆக்கி நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பல ஆண்டுகள் தொடர்ந்து செய்தார். கத்தரிக்கோலும் பசையும் கொண்டு செய்த அந்த வேலைக்கும் அவருடைய கவிதைக்கும் இடையே பாலம் கட்ட அவர் முயலவில்லை. நண்பர்கள் மகிழ்ந்தால் அவருக்குப் போதுமானதாக இருந்தது. 1996 ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்த பிறகு, பேட்டிகளும் கடிதங்களும் குவிந்து, சில ஆண்டுகள் அவரால் கவிதையே எழுத முடியவில்லை. அடுத்த தொகுப்பு 2002 இல்தான் வந்தது. உலகமே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒருவர் 6 ஆண்டுகள் தொகுப்பில்லாமல் இருந்திருக்கிறார். உங்களுடைய இடைவெளியும் அதே 6 ஆண்டுகள்தான். இந்தக் கணக்கை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பரிசு வந்தாலும் வராவிட்டாலும், தன்னை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வு கவிதையை நிறுத்திவிடும் என்பதற்காகச் சொல்கிறேன். உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் யார் என்றால், பதிப்பாளர், அந்தக் கவிஞர் நண்பர், முதல் தொகுப்புக்குக் கைதட்டியவர்கள். சாப்பாட்டு மேசையில் நீங்கள் தனியாக இல்லை. குளக்கரையில் தனியாக இருக்கிறீர்கள்.

நம்முடைய மரபிலும் இப்படி ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. புதுக்கவிதை முன்னோடி ந. பிச்சமூர்த்தி 1930களில், 'மணிக்கொடி' இதழின் காலத்தில், யாப்பை விட்டு எழுதத் தொடங்கினார். பிறகு கவிதையில் அவருக்கு நீண்ட இடைவெளி விழுந்தது. கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருந்தவர், பின்னர் அறநிலையத் துறையில் நிர்வாக அலுவலராகக் கோயில் கணக்குகளையும் நிர்வாகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். 1959 இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கிய பிறகுதான் மீண்டும் கவிதைக்கு வந்தார். அந்த இரண்டாம் வருகையில்தான் புதுக்கவிதை ஓர் இயக்கமாக உருவெடுத்தது. நான் இங்கே அடிக்கோடிட விரும்புவது செல்லப்பாவின் பங்கை. எழுதுங்கள் என்று கேட்கவும், எழுதியதை அக்கறையோடு படிக்கவும் ஒருவர் இருந்தார். உங்களுக்குத் தொகுப்பு கேட்கும் பதிப்பாளர் இருக்கிறார். ஆனால் ஒற்றைக் கவிதையைப் படித்து 'இங்கே நிறுத்திவிடலாம்' என்று சொல்லும் ஒருவர் இருப்பதாக உங்கள் கடிதத்தில் எங்கும் தெரியவில்லை. அந்தக் கவிஞர் நண்பர் அப்படிப்பட்டவராக எனக்குத் தோன்றவில்லை. எழுதாதவரைப் 'பறவைக்காரி' என்று கேலி பேசுபவரிடம் முடியாத கவிதையைக் காட்டாதீர்கள்.

மௌனம் எல்லாம் ஒருநாள் கனியும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. ஆங்கிலக் கவிஞர் பிலிப் லார்கின் 1955 முதல் ஹல் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பில் இருந்தவர். 1960களில் ஜாஸ் இசைத்தட்டுகளுக்கு நாளிதழில் தொடர்ந்து மதிப்புரை எழுதியவர். அவருடைய கடைசித் தொகுப்பு 1974 இல் வந்தது. அதன் பிறகு 1985 இல் இறக்கும்வரை அரிதாகவே கவிதை எழுதினார். கவிதை தன்னை விட்டுப் போய்விட்டது என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. இப்படியும் நேர்வதுண்டு. உங்களுக்கும் அப்படி நேர்ந்துவிட்டதா என்று கேட்டால், 7 தாள்களையும் படித்த பிறகு, இல்லை என்றே உறுதியாகச் சொல்வேன்.

இனி உங்கள் கணவர் சொன்னதைப் பற்றி. பறவைக்குப் போகும் நேரத்தைக் கவிதைக்குக் கொடுக்கலாமே என்ற அவருடைய கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று நீங்களே எழுதியிருப்பதால் அதை அவரிடம் சொல்லிப் புரியவைக்க முடியும். வாரத்தில் உங்கள் மனம் தெளிந்திருக்கும் ஒரே பொழுதைப் பறவைகளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். உடம்பு ஓய்ந்து கண் சொக்கும் பொழுதைக் கவிதைக்குக் கொடுத்திருக்கிறீர்கள். பிறகு, பறவை மகிழ்ச்சி தருகிறது, கவிதை வதைக்கிறது என்று இரண்டையும் ஒப்பிட்டு மனம் நோகிறீர்கள். நான்கரை மணிக்கு எழுந்தவர் இரவு பத்தரைக்கு, 18 மணி நேரம் விழித்திருந்த பிறகு எழுதும் வரியை அடிக்காமல் வேறென்ன செய்வார்? ஞாயிற்றுக்கிழமையைத் தொடவேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு வேலைநாள் காலையில் முக்கால் மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். புதன்கிழமை காலைச் சமையல் கணவருடையது. அத்தையின் மாத்திரை மகனுடையது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவனால் ஒரு நாள் பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க முடியும்; அது அவனுக்கும் நல்லது. கதவைச் சாத்திக்கொண்டு, வேறொரு மேசையில், செல்போனை வெளியே வைத்துவிட்டு உட்காருங்கள். இரவு பத்தரைக்கு நோட்டைத் திறப்பதை அடியோடு நிறுத்திவிடுங்கள். அந்த நேரத்தில் தூங்குங்கள்.

வீட்டில் இப்படிக் கேட்பதற்கு நம் பெண்கள் படும் தயக்கத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆண் கவிஞர்களின் தொகுப்புகளில் 'இரவெல்லாம் விழித்து எழுதியபோது தேநீர் தந்த மனைவிக்கு' என்ற சமர்ப்பணத்தை எத்தனையோ முறை மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு சமர்ப்பணத்தைப் பெறும் வாய்ப்பை உங்கள் கணவருக்கு நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை. கேளுங்கள், கேட்காமல் யாருக்கும் தெரியாது.

விருப்ப ஓய்வு வேண்டாம். ஓய்வூதியக் கணக்கையும் மகனின் கல்லூரிச் செலவையும் என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள் என்பதால் பணத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. கவிதைக்கே அது கேடு என்பதால் சொல்கிறேன். வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தால் ஒவ்வொரு கவிதையும் சம்பளத்துக்கு ஈடு கட்டவேண்டிய கவிதை ஆகிவிடும். இப்போதே உங்கள் கடைசி வரிகள் தாங்க முடியாத பாரத்தைச் சுமக்கின்றன. அமெரிக்கக் கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸ், ஹார்ட்ஃபோர்டு நகரத்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் சட்ட அலுவலராக இருந்து துணைத் தலைவராக உயர்ந்தவர். கார் ஓட்டமாட்டார், அலுவலகத்துக்கு நடந்து போகும் வழியில் மனத்துக்குள் கவிதை கட்டுவார். அவருடைய முதல் தொகுப்பு 1923 இல் வந்தது. 1924 இல் மகள் பிறந்தாள். அடுத்த தொகுப்பு 1935 இல்தான் வந்தது. இடையில் பல ஆண்டுகள் அவர் பெரும்பாலும் எழுதவே இல்லை. வேலையும் வீடும் குழந்தையுமாக இருந்தார். பிற்காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தர முன்வந்தபோதும், காப்பீட்டு வேலையை விட மனமில்லாமல் மறுத்துவிட்டார். நம் கவிஞர் ஞானக்கூத்தன் அரசின் பொதுப்பணித் துறையில் பணியாற்றிக்கொண்டேதான் தமிழ்ப் புதுக்கவிதையின் குரலை மாற்றினார். பாரதி வறுமையில் வாடித்தானே எழுதினான் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்த வறுமையோடு அவன் 39 வயதுகூட நிறையாமல் போய்விட்டான் என்று பதில் சொல்லுங்கள். வறுமை இல்லாதிருந்தால் இன்னும் எவ்வளவு எழுதியிருப்பான் என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

அலுவலகத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் அலுப்பு மட்டுமே இருக்கிறது. மார்ச் மாதக் கடைசியில் பட்டியல்கள் மலையாகக் குவிவதையும் மதியச் சாப்பாட்டுக்கு நேரமில்லாததையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அலுப்பின் நடுவே, போகிற போக்கில் அரை வாக்கியமாக ஒன்றைச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறீர்கள். உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் நேர்காணலுக்கு வந்த முதிய ஓய்வூதியர் ஒருவருக்கு விரல் ரேகை தேய்ந்துபோனதால் கருவி ஏற்கவில்லை. அவர் விரலை வேட்டியில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். கடைசியில் இடக்கையை நீட்டி, "இது அதிகம் வேலை செய்யாத கை, இதுல இருக்கும் பாருங்க தாயி" என்றார். இதை வேலை தாமதமானதற்குக் காரணமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் மூன்றாவது தொகுப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால், அந்தக் கவுண்டரில் இருக்கிறது என்பேன். குளக்கரைக்கு நீங்கள் ஓய்வுக்காகப் போகிறீர்கள். அதைக் கவிதை ஆக்கினால் ஓய்வு கெட்டுவிடும். கருவூலத்திலோ நாள்தோறும் எப்படியும் உட்கார்ந்திருக்கிறீர்கள். அங்கே கவனத்தைத் திறந்து வைப்பதால் கெடுவது எதுவுமில்லை. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அங்கே வருபவர்கள் தங்கள் ஆவணங்களையும் துயரங்களையும் உங்களை நம்பிக் கொடுக்கிறார்கள். ஊர், பெயர், பதவி, தொகை எதுவும் அடையாளம் தெரியும்படி வரக்கூடாது.

செய்யவேண்டிய வேலை இதுதான். 7 தாள்களிலும் கடைசி மூன்று நான்கு வரிகளைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். அடிக்கவேண்டாம், வெட்டியெடுத்து ஓர் உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். மீதியை ஒரு மாதம் தொடாதீர்கள். அந்த மாதத்துப் புதன்கிழமைகளில் கவிதை எழுதாதீர்கள். கவுண்டரில் கண்ட ஏதேனும் ஒன்றை, பறவைக் குறிப்பேட்டில் எழுதுவதைப் போலவே, மணி குறித்து, நடந்த வரிசையில், 5 அல்லது 6 சிறு வாக்கியங்களாக எழுதுங்கள். உவமை வேண்டாம். 'வாழ்க்கை', 'காலம்', 'மரணம்', 'மௌனம்' ஆகிய சொற்களுக்கு அந்த மாதம் முழுவதும் விடுப்புக் கொடுத்துவிடுங்கள். முடிவு வரவில்லை என்று தோன்றும் இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் அது மொட்டையாக, கை ஒடிந்ததைப் போல இருக்கும். அந்த உணர்வைத் தாங்கிக்கொள்ளப் பழகுவதுதான் இப்போதைக்கு உங்கள் பயிற்சி. எழுதியதை யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பவேண்டாம். மாதக் கடைசியில், வெட்டப்பட்ட 7 கவிதைகளையும் அவற்றோடு வைத்து, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எது முடிந்த கவிதை, எது இன்னும் நகர விரும்புகிறது என்பது காதில் தெரியும். மாத்திரைப் பெட்டிக் கவிதையில் ஒரு சொல்கூட மாற்றவேண்டியதில்லை என்பது என் கருத்து.

பதிப்பாளருக்கு இந்த ஆண்டு தொகுப்பு இல்லை என்று இந்த வாரமே எழுதிவிடுங்கள். காரணம் விளக்கவேண்டாம், 'தொகுப்பு ஆயத்தமாகவில்லை, ஆனதும் முதலில் உங்களுக்கே தெரிவிக்கிறேன்' என்ற ஒரு வரி போதும். புத்தகக் காட்சிக்காக அவசரத்தில் கோக்கப்பட்ட மூன்றாம் தொகுப்புகள் பலவற்றை நான் கையாண்டிருக்கிறேன். அவற்றில் பாதிக் கவிதைகள் பக்கத்தை நிரப்ப வந்தவையாகத்தான் இருக்கும். எழுதியவருக்கே அது தெரியும். பிறகு அந்த நூலைப் பற்றி யாராவது பேசினால் பேச்சை மாற்றுவார்கள். அந்த நிலைமை உங்களுக்கு வேண்டாம்.

கடிதத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில், இரவு தூக்கம் கலைந்துவிடுகிறது என்றும், நடுவில் சில வாரங்கள் குளக்கரைக்குப் போகக்கூட மனம் எழவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது என் துறையைக் கடந்த செய்தி என்றாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டேன். பிடித்தமான எதிலும் விருப்பமற்றுப்போகும் நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதைக் கவிஞரின் மனநிலை என்று வைத்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் போகவேண்டும். உங்கள் வயதில் தூக்கம் கலைவதற்கு மாதவிடாய் நிற்கும் பருவத்தின் மாற்றங்களும் காரணமாக இருக்கலாம் என்பதால் மகளிர் மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி-மனாஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். துயரம்தான் கவிதைக்கு உரம் என்று சொல்லித் துயரத்தை வளர்த்துக்கொண்டவர்களை இந்த மொழி போதுமான அளவு இழந்துவிட்டது.

கடைசியாக, ஜனவரியில் எதற்குப் போவது என்று கேட்டிருந்தீர்கள். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குத் தோழி அழைக்கிறார். அதே வாரத்தில் சென்னைக் கவிதை வாசிப்புக்கும் அழைப்பு வந்திருக்கிறது. கணக்கெடுப்புக்குப் போங்கள். சென்னை மேடையில் பழைய கவிதைகளைப் படித்து, பழைய வரிகளுக்குப் பழைய கைதட்டலை வாங்குவதால் இப்போது உங்களுக்கு நன்மை இல்லை. குளத்தில் உங்கள் பங்குக்கு எத்தனை தாழைக்கோழி, எத்தனை நாமக்கோழி என்று பார்த்து எழுதிக் கொடுக்கும் எண்ணிக்கை யாருக்கோ உண்மையில் பயன்படும்; அந்தத் தாளில் உங்கள் கவிதைத் திறமையை யாரும் தேடப்போவதில்லை. அது முடிந்து, ஒரு மாதப் புதன்கிழமைகளும் கழிந்த பிறகு, வெட்டிய 7 தாள்களையும் புதிய குறிப்புகளில் உங்களுக்கு மனநிறைவு தந்த சிலவற்றையும் எனக்கு அஞ்சலில் அனுப்புங்கள். ஒட்டிய உறையைத் திறக்கவும் வேண்டாம், அனுப்பவும் வேண்டாம். எங்கெங்கே நிறுத்தலாம் என்று எனக்குப் படும் இடங்களைப் பென்சிலில் குறித்து, மார்ச் மாதப் பட்டியல்கள் உங்கள் மேசைக்கு வருவதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.